எழுத்தும் ஒலியும் பிரியும் இடம்: பிரெஞ்சு வினையடைகளை அசைபிரித்து ஒலித்தல்



பிரெஞ்சு மொழியின் வினையடைகளை அசையசையாகப் பிரிப்பது எவ்வாறு, அவற்றைச் செம்மையாக ஒலிப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சுங்கை ரம்பாயில் கூடியிருந்துகொண்டு பிரெஞ்சைப் பற்றிப் பேசுவானேன் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி முறையானதே. அதற்கு இரண்டு விடைகள் உண்டு.

முதல் விடை எளியது. இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். விடுதி மேலாண்மை, சுற்றுலா, வானூர்திப் பணி, பன்னாட்டு உறவு எனப் பல துறைகளில் அவர்களுக்கு ஓர் அயல்மொழி தேவைப்படுகிறது. அவர்களுள் சிலர் பிரெஞ்சைத் தேர்ந்தெடுக்கின்றனர். தெரிந்த ஆங்கில எழுத்தைக் கொண்டு அம்மொழியைப் படிக்கத் தொடங்கி, முதல் மாதத்திலேயே வினையடைகளில் இடறுகின்றனர்.

இரண்டாம் விடையே நமக்கு முதன்மையானது. அவ்விடறலைத் தீர்க்கும் கருவி அவர்கள் தமிழ்ப்பள்ளியில் படித்த இலக்கணத்திலேயே இருக்கிறது. அசை, மாத்திரை, குற்றியலுகரம், புணர்ச்சி, பகுபதம் ஆகிய இவையெல்லாம் தேர்வில் மதிப்பெண் பெறுவதற்கே உரியன என்று நம் பிள்ளைகளும், வருத்தத்திற்குரிய வகையில் நம் பெற்றோர் சிலரும், எண்ணிவிட்டனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதைப் பிரெஞ்சு வினையடை என்னும் சிறியதொரு பொருளைக் கொண்டே காட்ட முயல்வோம்.

ஊர்ப்பெயர் கற்பிக்கும் பாடம்

நம் ஊர்ப்பெயரையே முதற்சான்றாகக் கொள்வோம். மலாயில் 'சுங்கை' என்பது ஆறு. 'ரம்பாய்' என்பது கொத்துக் கொத்தாகக் காய்க்கும் ஒரு பழமரம். மலாய் ஆசிரியர் 'சுங்கை' என்னும் சொல்லைச் 'சுக்கு காத்தா'வாகப் பிரிக்கும்போது முதலசை 'சு' என்பதோடு முடிந்துவிடும். இரண்டாம் அசை ஙகரத்தில் தொடங்கும். அதாவது 'சு-ஙை'. நாம் தமிழில் எழுதிப் படிக்கும்போதோ 'சுங்-கை' என்று பிரிகிறது. ஙகர மெய் முதலசையின் ஈற்றுக்குப் போய்விடுகிறது. மலாயில் இல்லாத ஒரு ககரம் இரண்டாம் அசையின் முதலில் வந்து அமர்கிறது. தமிழில் ஙகரம் உயிரேறித் தனித்து வருவது 'இங்ஙனம்' போன்ற மிகச் சில சொற்களிலேயே. மற்றெங்கும் அது தன் இனமான ககரத்தின் துணையோடுதான் வரும். அதனால் இம்மாற்றம் நேர்ந்தது.

மலாயில் பூவைக் குறிக்கும் சொல்லை 'பு-ங' என்று பிரிப்பர். மாங்கனியைக் குறிக்கும் சொல்லை 'மங்-க' என்று பிரிப்பர். பின்னது நம் 'மாங்காய்' என்னும் சொல்லிலிருந்து மலாய்க்குச் சென்றதே. மலாய் எழுத்து இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும். தமிழ் எழுத்தில் இரண்டும் 'ங்க' என்றே அமையும்.

நம் ஊர்ப்பெயரில் இன்னும் ஒன்று உண்டு. 'சுங்கை', 'ரம்பாய்' இரண்டும் மலாயில் ஒரே ஒலியில் முடிவன. தமிழில் ஒன்றை ஐகாரத்தால் எழுதுகிறோம். மற்றொன்றை 'ஆய்' என்று எழுதுகிறோம். சொல்லின் ஈற்றில் நிற்கும் ஐகாரம் தன் அளவில் குறுகி ஒலிக்கும் என்பது நம் இலக்கணம் அறிந்த செய்தி. அதுவே ஐகாரக் குறுக்கம். அக்குறுக்கம் நேராதபடி மலாய் ஒலியைக் காத்துத் தருவது 'ஆய்' என்னும் எழுத்துமுறை எனலாம்.

இச்சான்றுகளால் அறிய வேண்டியது யாது? எழுத்தைப் பார்த்து அசைபிரிப்பது ஒன்று. ஒலியைக் கேட்டு அசைபிரிப்பது வேறொன்று. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும் மொழிகள் தமிழும் மலாயும். இரண்டும் அடிக்கடி பிரிந்து நிற்கும் மொழி பிரெஞ்சு. அப்பிரிவு மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் அம்மொழியின் வினையடை.

தமிழும் பிரெஞ்சும் சந்தித்த இடங்கள்

தமிழருக்குப் பிரெஞ்சு புதிய மொழியன்று. புதுச்சேரியில் 1674 முதல் பிரெஞ்சுக்காரர் குடியேறி வாணிகம் செய்தனர். 1954 நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962இல் அது சட்டப்படி நிறைவுற்றது. இடைப்பட்ட காலத்தில் புதுச்சேரித் தமிழர் பிரெஞ்சுச் சொற்களைக் காதால் கேட்டே எடுத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவரை அங்கே 'சொல்தா' என்பர். பிரெஞ்சு எழுத்தில் அச்சொல்லின் ஈற்றில் ஒரு தகர மெய் உண்டு, ஒலியில் இல்லை. எழுத்தைப் பார்த்துக் கற்றிருந்தால் புதுச்சேரி மக்கள் 'சொல்தாத்' என்றிருப்பர். நகராட்சிக் கட்டடத்தை 'மேரி' என்று வழங்குவதும் அவ்வாறே செவிவழி வந்தது. இவை படிப்பறியாதவர் செய்த சிதைவுகள் அல்ல. எழுத்தின் மயக்கத்துக்கு ஆட்படாத செவிகள் செய்த துல்லியமான பதிவுகள்.

அந்நகரின் மிஷன் அச்சகத்திலிருந்து 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாகத் தமிழ்–பிரெஞ்சு அகராதி ஒன்று வெளிவந்தது. முசே, துப்புயி என்னும் இரு பாதிரிமார் அதனைத் தொகுத்தனர். காரைக்காலில் வளர்ந்து பின்னர்ப் பாரிசில் தமிழ் பயிற்றிய ஜூலியன் வின்சோன், 1903இல் பிரெஞ்சு மாணவர்க்கெனத் தமிழ்க் கையேடு ஒன்றை வெளியிட்டார்.

மலாயாவிலும் இத்தொடர்பு உண்டு. மலாக்கா நகரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுக் குருமார் எழுப்பியது. இத்தீபகற்பத்தில் குருவாகப் பணியாற்றிய ஃபாவ்ர் என்பார் 1875இல் மலாய்–பிரெஞ்சு அகராதி ஒன்றை வெளியிட்டார். சிலாங்கூரில் 1917இல் வணிக நோக்கில் முதன்முதலாக எண்ணெய்ப்பனைத் தோட்டம் அமைத்தவர் ஆன்றி ஃபொகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'! ஆம், நம் தமிழ்ச் சொல்லே. அவர் எழுதிய 'மலேசி' என்னும் புதினம் 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றது. தமிழ்த் தொழிலாளரும் அதில் இடம்பெறுகின்றனர். ஒரு பிரெஞ்சுத் துரை நம்மவரின் சொல்லைத் தன் தோட்டத்திற்குப் பெயராக்கினார். நம்மவர் பிள்ளைகள் அவர் மொழியைக் கற்க அஞ்ச வேண்டுவதில்லை.

அசை எனப்படுவது

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். யாப்பில் நாம் கூறும் அசையும் மொழியியலார் கூறும் அசையும் முற்றும் ஒன்றல்ல. 'கடல்' என்பது யாப்பில் ஒரே நிரையசை. மொழியியலில் அது 'க-டல்' என இரண்டு அசை. ஓர் உயிரொலியை நடுவாகக் கொண்டு, அதன் முன்னும் பின்னும் நிற்கும் மெய்களைச் சேர்த்து ஒரே முயற்சியில் ஒலிப்பதை ஒலியசை என்று கொள்வோம். மலாய் வகுப்பில் பிள்ளைகள் கைதட்டி எண்ணும் 'சுக்கு காத்தா' இதுவே. ஆக, நம் பிள்ளைகள் ஏழு வயதிலேயே ஒலியசையை மலாய் வழியாகவும், பின்னர் யாப்பசையைத் தமிழ் வழியாகவும் கற்றுவிடுகின்றனர். இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்த பிள்ளைகள் உலகில் மிகப் பலர் இல்லை.

இவ்வுரையில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். '(ன்)' என்று அடைப்புக்குறிக்குள் வருவது நாவால் தொட்டு ஒலிக்கும் னகரமன்று. அதற்கு முன்னுள்ள உயிர் மூக்கின் வழியாகவும் ஒலிக்கிறது என்பதற்கான குறி. தகரம், பகரம் ஆகியவற்றை நம் பல், இதழ் ஒலிகளாகவே ஒலிக்க. ஆங்கில 'ட', 'டி' ஒலிகள் இங்கு வேண்டா. பிரெஞ்சின் தகரம் நம் தகரம் போல நாநுனி பல்லைப் பொருந்தவே பிறப்பது. ஆங்கிலேயப் பிள்ளை புதிதாகக் கற்க வேண்டிய ஒலி, தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது.

'ஆக' என்பதும் 'மா(ன்)' என்பதும்

தமிழில் வினையடை எவ்வாறு அமைகிறது? 'மெதுவாக', 'விரைவாக', 'தெளிவாக' என 'ஆக' சேர்ந்து அமைவதே இன்று பெருவழக்கு. 'ஆக' என்பது 'ஆகு' என்னும் வினையின் வடிவம். தனிச்சொல்லாயிருந்தது ஈற்றில் ஒட்டி உருபு போல ஆகிவிட்டது. 'மெல்ல மெல்ல' என அடுக்கியும் கூறுவோம். மலாயும் 'பெர்லாஹான்-லாஹான்' என்று அவ்வாறே அடுக்கும். 'நனி', 'சால' போன்ற உரிச்சொற்கள் செய்யுளில் நின்று வினையைச் சிறப்பிக்கும்.

பிரெஞ்சிலும் 'ஆக' போன்ற ஈறு ஒன்று உண்டு. எழுத்தில் அதனை எம், ஈ, என், டி என்னும் நான்கு எழுத்துகளால் எழுதுவர். ஒலி 'மா(ன்)' என்பது மட்டுமே. இதன் வரலாறு சுவையானது. இலத்தீனில் மனத்தைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. 'மனத்தோடு' என்னும் பொருளில் அது 'மென்தே' என வரும். 'மெதுவான மனத்தோடு' என்று சொல்லிச் சொல்லி, காலப்போக்கில் மனம் என்னும் பொருள் தேய்ந்து, 'மெதுவாக' என்னும் பொருள் மட்டும் நின்றது. தமிழில் 'ஆக' அடைந்த மாற்றமும் இதனோடு ஒப்பிடத்தக்கதே.

அசைபிரிப்புக்கு இவ்வரலாறு ஏன் வேண்டும்? இலத்தீனில் மனம் பெண்பால் சொல். ஆதலின் அதற்கு முன் வரும் அடையும் பெண்பால் வடிவில் நின்றது. பிரெஞ்சில் பெண்பால் அடைகள் பெரும்பாலும் ஈற்றில் ஓர் எகரத்தைப் பெறும். அந்த எகரமே இன்று 'மா(ன்)' என்னும் விகுதிக்கு முன் எழுத்தில் நிற்கிறது. ஒலியில் அது நிற்கிறதா, மறைகிறதா என்பதே நம் பொருளின் உயிர்நிலை.

மறையும் எகரமும் குறுகும் உகரமும்

'மெதுவாக' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலப் பழக்கத்தால் படிக்கும் மாணவர் 'லென்ட்-டி-மென்ட்' என்பார். பிரெஞ்சு எழுத்துமுறைப்படி அச்சொல் மூன்று அசை: 'லா(ன்)-தெ-மா(ன்)'. இயல்பான பேச்சில் இரண்டே அசை: 'லா(ன்)த்-மா(ன்)'. நடுவிலுள்ள எகரம் மறைந்தது. அதனைத் தாங்கியிருந்த தகரம் முந்தைய அசைக்குப் போயிற்று. 'மென்மையாக' என்பது எழுத்தில் 'தூ-செ-மா(ன்)', பேச்சில் 'தூஸ்-மா(ன்)'. 'விரைவாக' என்பது எழுத்தில் நான்கு அசை, 'ரா-பீ-தெ-மா(ன்)'. பேச்சில் மூன்று, 'ரா-பீத்-மா(ன்)'. 'எளிதாக' என்பது 'ஃபா-சீ-லெ-மா(ன்)' என எழுதப்பட்டு 'ஃபா-சீல்-மா(ன்)' என ஒலிக்கும்.

இவ்வெகரத்தைப் பிரெஞ்சு இலக்கணத்தார் 'ஊமை எகரம்' என்பர். அதனைக் கேட்டவுடன் தமிழாசிரியர்க்கு நினைவுக்கு வர வேண்டியது குற்றியலுகரம். நம் குற்றியலுகரமும் முழு அளவில் ஒலியாது அரை மாத்திரையாய்க் குறைவது. எழுத்தில் நின்று ஒலியில் தேய்வது. உயிர் முதலாகிய சொல் வருமிடத்துத் தான் ஏறிய மெய்யை விட்டு நீங்குவது. 'நாடு' என்பதோடு 'என்று' சேர 'நாடென்று' ஆவதை நாம் அறிவோம். பிரெஞ்சின் ஊமை எகரமும் சொல்லீற்றில் நின்றால் உயிருக்கு முன் கெட்டுவிடும்.

இரண்டும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. குற்றியலுகரம் சொல்லீற்றில் வல்லின மெய்யின்மேல் ஏறி வருவது. அதற்கு முன்னுள்ள எழுத்தைக் கொண்டு நெடில்தொடர், வன்தொடர் முதலாக ஆறு வகை கூறுவோம். பிரெஞ்சு எகரத்திற்கு அவ்வரையறை இல்லை. அது சொல்லின் நடுவிலும் வந்து மறையும். ஆனால் ஓர் உயிரின் இருப்பையும் மறைவையும் அதனைச் சூழ்ந்த ஒலிகளே முடிவு செய்கின்றன என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது.

செய்யுளிலும் இவ்வொப்புமை உண்டு. பிரெஞ்சு மரபுக்கவிதையில் பன்னிரண்டு அசை கொண்ட அடி புகழ்பெற்றது. அதில் மெய்யெழுத்துக்கு முன் வரும் ஊமை எகரத்தை ஓர் அசையாகவே எண்ணுவர்; பேச்சில் மறையும் அது பாட்டில் எழுந்து நிற்கும். நம் யாப்பிலோ, தளை சிதையும் இடத்தில் குற்றியலிகரமும் குற்றியலுகரமும் அலகு பெறாமல் நிற்கும் விதி உண்டு. அவர்கள் மறைந்ததை எண்ணுகின்றனர். நாம் இருப்பதை எண்ணாது விடுகின்றோம். இருசாராரும் எழுத்தும் ஒலியும் வேறு என்பதை உணர்ந்தே விதி வகுத்தனர்.

மூன்று மெய்களின் விதி

எகரம் எப்போது மறையும், எப்போது நிற்கும்? இதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மொரீஸ் கிராமோன் என்னும் பிரெஞ்சு மொழியியலார் ஒரு விதி கூறினார். அது 'மூன்று மெய்களின் விதி' என வழங்கும். எகரம் மறைந்தால் மூன்று மெய்கள் இடையீடின்றி அடுக்கி நிற்க நேருமாயின் எகரம் மறையாது என்பது அதன் சாரம்.

'சரியாக' என்னும் பொருளுடைய 'ஜூஸ்-தெ-மா(ன்)' என்பதைக் காண்க. எகரத்தை நீக்கினால் ஸ், த், ம் என்னும் மூன்றும் மோதும். ஆகவே எகரம் நிற்கிறது, அசை மூன்று. 'எளிமையாக' என்பது 'சே(ன்)-ப்லெ-மா(ன்)'. இங்கே ப், ல், ம் என்பன மோதும். 'வேறு விதமாக' என்பது 'ஓ-த்ரெ-மா(ன்)'. த், ர், ம் மோதும். 'துல்லியமாக' என்பது 'எக்-ஸாக்-தெ-மா(ன்)'. க், த், ம் மோதும். எகரத்துக்கு முன் ஒரு மெய்யே உள்ள 'ரா-பீத்-மா(ன்)' என்பதில் அத்தகைய மோதல் இல்லை. எனவே எகரம் மறைந்தது.

இதுவும் தமிழ் மாணவர்க்கு அயலானதன்று. தமிழிலும் மூன்று மெய் கண்டபடி அடுக்கா. ய், ர், ழ் ஆகிய மூன்றின் பின்னரே 'வாழ்ந்து', 'பார்த்து' என்றாற்போல ஈரொற்று நிற்கும். அதனை மீறும் அயற்சொல் வந்தால் நம் மக்கள் இடையிலோ முதலிலோ ஓர் உயிரைச் சேர்ப்பர். 'ஸ்கூல்' என்பது தோட்டத்துப் பேச்சில் 'இஸ்கூல்' ஆனது அதனால்தான். பிரெஞ்சுக்காரர் இருக்கும் உயிரை விடாமல் காக்கின்றனர். நாம் இல்லாத உயிரைக் கொண்டு வருகின்றோம். நோக்கம் ஒன்றே: நாவுக்கு வழிவிடுதல்.

மறைவும் நமக்குப் புதிதன்று. 'உருளை' என்பதை விரைவாகச் சொல்லும்போது 'உர்ளை' ஆகிறது. மலாயில் 'எத்தனை' எனப் பொருள்படும் 'பெராப்பா' என்பது பேச்சில் 'ப்ராப்பா' ஆகிறது. எனவே, 'எழுதியபடி ஏன் படிக்கவில்லை?' என்று பிரெஞ்சுக்காரரைக் கேட்க நமக்கு உரிமை குறைவு.

ஒன்றை நினைவில் வைக்க. இவ்விதி பேச்சின் போக்கைக் கூறுவது, மீறினால் தண்டிப்பதன்று. பிரான்சின் தென்பகுதியில் வாழ்வோர் பலர் ஊமை எகரத்தை இன்றும் ஒலிக்கின்றனர். பாட்டிலும் அது ஒலிக்கும். ஆகவே 'லா(ன்)-தெ-மா(ன்)' என்று மூன்றசையாகச் சொல்லும் மாணவரைத் திருத்தலாம், இகழலாகாது.

எகரம் மறையாத பிற வகைகள்

மேலும் மூன்று வகைகளை அறிந்தால் வினையடைகளில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

ஒன்று: உயிரொலியில் முடியும் அடைகள் நேரே விகுதியை ஏற்கும். 'உண்மையாக' என்பது 'வ்ரெ-மா(ன்)', 'பணிவாக' என்பது 'போ-லீ-மா(ன்)'. இவற்றில் மறைவதற்கு எதுவுமில்லை.

இரண்டு: சில சொற்களில் எகரத்தின் தலைமேல் சாய்கோடு ஒன்று இடுவர். அது ஊமையன்று, முழுதாக ஒலிக்கும். 'மிகப் பெரிதாக' என்பது 'எ-நோர்-மே-மா(ன்)'. நான்கு அசையும் ஒலித்தே தீர வேண்டும். தலைக்கோட்டை விட்டுவிட்டுப் படிப்பது, நம்மில் குறிலையும் நெடிலையும் மயக்குவதற்கு ஒப்பாகும்.

மூன்று: மகரம் இரட்டித்து வரும் வகை. 'வெளிப்படையாக' என்பது எழுத்தில் எகரத்தையும் இரண்டு மகரத்தையும் கொண்டது. ஒலியோ 'எ-வி-த-மா(ன்)'. எகரம் என்று எழுதியிருப்பதை அகரமாக ஒலிக்க வேண்டும். 'இடைவிடாமல்' என்பது 'கோ(ன்)ஸ்-த-மா(ன்)'. முன்னொரு காலத்தில் அவ்வுயிர் மூக்கொலியாக இருந்தது. பின்னர் மூக்கொலி நீங்கி அகரம் எஞ்சியது. எழுத்து மட்டும் பழைய கோலத்திலேயே நின்றுவிட்டது. பெண்ணைக் குறிக்கும் 'ஃபாம்' என்னும் சொல்லை எகரமிட்டு எழுதுவதும் இவ்வகையே.

இம்மூன்றாம் வகையில் தமிழ் மாணவர் தனிக்கவனம் கொள்ள வேண்டும். எழுத்தில் இரண்டு மகரத்தைக் கண்டவுடன் நாம் 'எ-வி-தம்-மா(ன்)' என்று அழுத்திவிடுவோம். ஏனெனில் தமிழில் 'அமை' வேறு, 'அம்மை' வேறு. இங்கே இரட்டை மகரம் எழுத்துக்கு உரியது, ஒலி ஒற்றையே. வரியின் கடைசியில் சொல்லை உடைத்து எழுதும்போது மட்டும் இரு மகரத்துக்கும் நடுவே கோடிட்டுப் பிரிப்பர். எழுத்தசையும் ஒலியசையும் வேறுபடுவதற்கு இதனினும் தெளிந்த சான்று தேவையில்லை.

ஈற்றின் மூக்கொலியும் பகுபதமும்

'மா(ன்)' என்னும் ஈற்றை ஒலிக்கப் பிள்ளைகள் தயங்குகின்றனர். 'மான்' என்று னகரத்தை அழுத்துவர், அல்லது 'மென்ட்' என்பர். அவர்களிடம் 'ஆமாம்' என்னும் சொல்லை வீட்டில் பேசுவது போலச் சொல்லச் சொல்க. ஈற்று மகரத்தில் இதழ்கள் மூடுவதில்லை. 'மா' என்பது மூக்கோடு கலந்து நிற்கும். அதுவே பிரெஞ்சு வினையடையின் ஈற்றொலிக்கு மிக நெருங்கியது. 'வந்தான்', 'சொன்னான்' என்பவற்றையும் பேச்சில் நாம் அவ்வாறே முடிக்கின்றோம். தமிழ்ப் பேச்சுமொழியில் மூக்குயிர் நாள்தோறும் ஒலிக்கிறது. எழுத்து அதனைக் காட்டாததால் நம்மிடம் அது இருப்பதையே நாம் அறியவில்லை.

இனி ஒரு வலையைக் காட்டுவோம். 'அவர்கள் விரும்புகின்றனர்' என்பதற்குரிய பிரெஞ்சு வினையும் எழுத்தில் எம், ஈ, என், டி என்றே முடியும். மாணவர் அதனையும் வினையடை என்று கருதி 'எ-மா(ன்)' என்பர். அதன் ஒலியோ 'எம்' என்னும் ஓரசையே. காரணம், அங்கே மகரம் பகுதியைச் சேர்ந்தது, எஞ்சிய மூன்று எழுத்தும் படர்க்கைப் பன்மை விகுதி, அவ்விகுதி ஒலிப்பதில்லை. வினையடையிலோ மகரம் விகுதியைச் சேர்ந்தது. ஆகவே அசைபிரிக்கும் முன் பகுதி எது, விகுதி எது என்று பகுத்தறிதல் வேண்டும். நம் பகுபத உறுப்பிலக்கணம் கற்பிப்பது இதைத்தானே! பகுபதப் பயிற்சியைச் சலிப்போடு செய்த மாணவர், அப்பயிற்சியே மற்றொரு மொழியின் வாயிலைத் திறப்பதை இங்கே காணலாம்.

புணர்ச்சி

சிறிய வினையடைகள் பல 'மா(ன்)' விகுதியின்றி வருவன. 'மிக' என்பது 'த்ரெ'. எழுத்தில் ஈற்று ஸகரம் உண்டு, தனித்து நிற்கையில் ஒலியாது. 'நன்றாக' என்பது 'பியே(ன்)'. 'மிகுதியாக' என்பது 'போ-கூ'. ஈற்றுப் பகரம் ஒலியாது.

ஆயினும் உயிர்முதற்சொல் பின்னே வந்தால் உறங்கிய மெய் விழிக்கும். 'மிக அன்பான' என்பதில் 'த்ரெ-ஸெ-மாப்ல்' என ஸகரம் அதிர்வோடு எழுந்து அடுத்த அசையின் முதலாகிறது. 'நன்கு நேசிக்கப்பட்ட' என்பதில் 'பியே(ன்)-நெ-மே' என நகரம் தோன்றுகிறது. இதனைப் பிரெஞ்சார் 'லியேசோ(ன்)' என்பர். இணைப்பு என்பது பொருள். 'அவர்' என்பதும் 'என்றார்' என்பதும் சேர்ந்து 'அ-வ-ரென்-றார்' என அசை மாறி நிற்பதைப் பழகிய நமக்கு இது வியப்பன்று. சொல்லெல்லையும் அசையெல்லையும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை என்பதைப் புணரியல் நமக்கு முன்னரே கற்பித்துவிட்டது.

அசைகளை ஒலிக்கும் தாளமும் நமக்குத் துணையாகும். ஆங்கிலத்தில் ஓரசை ஓங்கி, அடுத்தவை தேய்ந்து போகும். பிரெஞ்சில் அசைகள் ஏறக்குறைய ஒரே அளவாய் நடந்து, தொடரின் கடைசி அசையில் மட்டும் சற்றே நீளும். தமிழ், மலாய்ப் பிள்ளைகளின் நா ஆங்கிலேயர் நாவைவிட இந்நடைக்கு அணுக்கமானது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் வகுப்பில் கையாளத்தக்க ஒழுங்கைச் சுருங்கக் கூறுவோம். முதலில் சொல்லைப் பகுதி, விகுதி எனப் பிரிக்க. அடுத்து, விகுதிக்கு முன் நிற்பது ஊமை எகரமா, தலைக்கோடிட்ட எகரமா, வேறு உயிரா, இரட்டை மகரமா என்று நோக்குக. ஊமை எகரமாயின், அதனை நீக்கினால் மூன்று மெய் மோதுமா என எண்ணுக, மோதாவிடின் நீக்குக. பின்னர் ஈற்றை 'ஆமாம்' போல மூக்குயிராய் முடிக்க. கடைசியாக, அடுத்த சொல் உயிரில் தொடங்குகிறதா என்று பார்த்துப் புணர்க்க. ஒவ்வொரு சொல்லுக்கும் இருமுறை கைதட்டுக: ஒருமுறை எழுத்தசைக்கு, மறுமுறை ஒலியசைக்கு. இரண்டு எண்ணிக்கையும் வேறுபடும் இடத்தில் ஏன் என்று மாணவரே கூறட்டும்.

தமிழ் எழுத்தில் பிரெஞ்சொலியைக் குறித்துக்கொள்வது தொடக்கத்தில் உதவும். அதுவே பழக்கமாகிவிடக் கூடாது. 'ஜூஸ்' என்று நாம் எழுதியதிலுள்ள உயிர், நம் ஊகாரமன்று. இதழை உகரத்துக்குக் குவித்து நாவை இகரத்துக்கு வைத்து ஒலிப்பது. அதனைக் காட்ட நம்மிடம் எழுத்தில்லை. அது தமிழ் எழுத்தின் குறையன்று. தமிழ் எழுத்து தமிழ் ஒலிக்கென்று அமைந்தது. அவ்வேலையை அது மிகச் செம்மையாகச் செய்கிறது. உலக ஒலியெல்லாம் தமிழ் எழுத்தில் அடங்கும் என்று பெருமை பேசுவதும், அடங்கவில்லையே என்று நாணுவதும் ஒருங்கே வேண்டாதவை.

இறுதியாக ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தோட்டப் பின்னணியில் வந்த பிள்ளை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒரு சொல்லை மாற்றி ஒலித்தால், 'உனக்கு நாக்கு திரும்பாது' என்று சொல்லிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அச்சொல் ஒரு பிள்ளையின் வாயை ஆண்டுக்கணக்கில் மூடிவிட வல்லது. அப்பிள்ளையின் பிழை பெரும்பாலும் நாவின் பிழையன்று. எழுத்தை நம்பியதால் வந்த பிழை. அதன் நா தமிழின் தகரத்தையும், மலாயின் ஙகரத்தையும், பேச்சுத் தமிழின் மூக்குயிரையும் நாள்தோறும் ஒலித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் செவியோ, 'சொல்தா' என்று சரியாகக் கேட்ட புதுச்சேரி மக்களின் செவிக்குச் சற்றும் குறைந்ததன்று.

மாணவர்களே, தமிழிலக்கணம் பழைய நூல்களைப் படிப்பதற்கு மட்டும் உரியதன்று. ஒலியைக் கூர்ந்து கேட்கவும், சொல்லைப் பகுத்துப் பார்க்கவும், விதியையும் விலக்கையும் பிரித்தறியவும் பழக்கும் கல்வி அது. நாளை நீங்கள் பிரெஞ்சு கற்றாலும், ஜப்பானியம் கற்றாலும், அரபு கற்றாலும் அப்பழக்கம் உங்களோடு வரும். அடுத்த முறை குற்றியலுகரப் பாடம் நடக்கும்போது அதனைச் சற்றுக் கவனித்துக் கேளுங்கள்.